மாவட்ட அதிகாரியும் மாநகரத் தலைவரும்

தீபகற்ப மலேசியாவில் நிலத்தோடு கூடிய சொந்த வீடு வைத்திருக்கும் குடும்பத் தலைவருக்கு ஆண்டுதோறும் இருவகை வரிச்சீட்டுகள் வந்து சேர்கின்றன. ஒன்று நிலவரி, வழக்கமாக மே மாதம் 31-ஆம் நாளுக்குள் அதனை நில அலுவலகத்திற்குச் செலுத்துதல் வேண்டும். மற்றொன்று மதிப்பீட்டு வரி. பிப்ரவரி இறுதிக்குள் பாதியும், ஆகஸ்டு இறுதிக்குள் மீதியுமாக அது நகராண்மைக் கழகத்திற்கு அல்லது மாவட்ட மன்றத்திற்குப் போய்ச் சேர்வது. வீடு ஒன்றுதான், வரி வாங்கும் கைகளோ இரண்டு. ஏன் இரண்டு என்று வினவுவோர் மிகச் சிலரே. கால்வாய் அடைத்துக்கொண்டதென்று மாவட்ட அதிகாரிக்கும், நிலப்பட்டா வேண்டுமென்று நகராண்மைக் கழகத் தலைவருக்கும் விண்ணப்பம் எழுதி, மாதக்கணக்கில் மறுமொழிக்குக் காத்திருந்தவர்களின் கதைகள் ஊர்தோறும் உண்டு. பிழை விண்ணப்பித்தவர்மேல் இல்லை. இவ்விரு பதவிகளும் வெவ்வேறு வேரிலிருந்து முளைத்து வளர்ந்த வரலாறு மக்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதே உண்மை.

மாவட்ட அதிகாரி என்னும் பதவி மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர் கால்வைத்ததோடு தோன்றியது. 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ரெசிடெண்டு என்னும் ஆங்கில ஆலோசகர் அமர்த்தப்பட்டார். சுல்தானுக்கு ஆலோசனை கூறுவதே அவர் கடமையென எழுத்தில் இருந்தது. நடைமுறையில் வரி வாங்குவதும் ஆணையிடுவதும் அவரே. பேராக்கின் முதல் ரெசிடெண்டாகிய பர்ச் அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதன் பின்னர் வந்தோர் சற்று நிதானமாக நடந்துகொண்டார்களேயொழிய, மாநிலத்தை மாவட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை அனுப்பும் வேலை நிற்கவில்லை. தொடக்கத்தில் அவ்வதிகாரிக்கு வழங்கிய பெயரே அவருடைய தொழிலைக் காட்டிவிடும்: வரி வசூலிப்பவரும் நீதிபதியும் என்று அவர் ஒருங்கே அழைக்கப்பட்டார். நிலத்தை அளந்து பட்டா கொடுத்தவர் அவர். வரி கட்டத் தவறியவரை விசாரித்தவரும் அவர். பெங்குலுக்கள் என்னும் முக்கிம் தலைவர்களை மேற்பார்த்தவரும் அவரே. நகரம் என்று சொல்லத்தக்க சிறு கடைவீதி ஒன்று மாவட்டத்தில் இருந்தால், அதன் சுகாதார வாரியத்திற்கும் பெரும்பாலும் அவரே தலைவர். ஒரு மனிதரின் மேசையில் இத்துணை அதிகாரமும் குவிந்தது தற்செயல் அன்று. ஆட்களும் பணமும் குறைவாக இருந்த அக்காலத்தில், பரந்த காட்டு நிலத்தை மலிவாக ஆள்வதற்கு இதைவிட எளிய வழி அவர்களுக்குத் தோன்றவில்லை.

இவற்றுள் உயிர்நாடி நிலம். சுரங்கத்திற்கும், பின்னர் இரப்பருக்கும் நிலம் வேண்டுமென்று வந்தோர் அனைவரும் மாவட்ட அலுவலகத்தின் படியேறியே வரவேண்டியிருந்தது. விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1966 சனவரி முதல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டம் நில நிர்வாகி என்றொரு பதவியை வகுத்தது. பல மாவட்டங்களில் மாவட்ட அதிகாரியே அப்பதவியையும் வகித்து வந்தார். நிலவரி கட்டாதவருக்கு அறிவிப்பு அனுப்பி, அதன் பிறகும் கட்டாவிடில் நிலத்தையே மாநில அரசுக்கு மீட்டுக்கொள்ளும் நடவடிக்கையை எடுப்பவர் நில நிர்வாகி. அரசு நிலத்தில் தங்க அல்லது பயிரிடத் தற்காலிக உரிமம் வழங்குபவரும் அவர். அவ்வுரிமம் அந்தந்த ஆண்டின் இறுதியோடு முடிவடைவது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. கொல்லைப்புறத்தில் காய்கறி பயிரிட்ட ஏழைக் குடியானவர் முதல் சாலையோரத்தில் சிறு கோயில் கட்டிய ஊர்ப் பெரியவர்கள் வரை எத்தனையோ பேருடைய வாழ்வு இந்தச் சிறு தாளின்மேல் நின்றது. ஆயினும் புதிதாக நிலத்தை உரிமையாக அளிக்கும் அதிகாரம் மாவட்ட அதிகாரிக்கு இல்லை. அவர் விசாரிப்பார், பரிந்துரைப்பார். முடிவு மாநில ஆட்சிக் குழுவினுடையது. இந்த நுட்பத்தை அறியாமல் அவரைக் குறைகூறியோரும் உண்டு. அவரை வாழ்த்தி மாலையிட்டோரும் உண்டு.

நகரத் தலைவரின் வேர் இதற்கு நேர்மாறானது. அது கடற்கரையில், வணிகர் குடியேறிய துறைமுகங்களில் முளைத்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய சில காலத்திற்குள்ளாகவே, ஜோர்ஜ் டவுனின் தெருக்களுக்கும் கால்வாய்களுக்கும் வரி மதிப்பிட வணிகர் குழு ஒன்று தேவைப்பட்டது. 1857-இல் நகராண்மை ஆணையர் அவை அமைந்தபோது, வரி செலுத்துவோர் ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் வந்தது. வாக்களித்தோர் தொகை மிகச் சிறியது. அவர்களிலும் ஆர்வம் காட்டியோர் அதனினும் குறைவு. இதனைக் காரணமாகக் காட்டி 1913-இல் நீரிணைக் குடியேற்ற அரசு தேர்தலை அறவே நீக்கிவிட்டது. வாக்குரிமை பறிபோனதற்காக அன்று எவரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அதே நகரில் நேர்ந்ததோ வேறு.

1950-ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்படி, மலாயாக் கூட்டரசில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பர் முதல் நாள் ஜோர்ஜ் டவுனில் நடைபெற்றது. 15 இடங்களில் 9 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரில் 12 இடங்களுக்கு நடந்த தேர்தலில் அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து 9 இடங்களை வென்றன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணிக்கு வித்து அங்கேயே விழுந்தது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் வருமுன்னரே, குப்பையும் கால்வாயும் பேசும் நகர மன்றத்தில்தான் இந்நாட்டு மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் பிடித்துப் பழகினர்.

1957 சனவரி முதல் நாள், விடுதலைக்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பட்டயத்தால் ஜோர்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அவ்வாண்டு இறுதித் தேர்தலில் தொழிற்கட்சி மேலோங்கியது. அதன் தலைவர்களுள் ஒருவரான டி. எஸ். இராமநாதன் மேயரானார். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்த ஒரு தமிழர், நாட்டின் ஒரே மாநகரத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்தது அக்காலத் தமிழ் மக்களுக்குப் பெருமிதம் அளித்தது இயல்பே. பினாங்கில் ஸ்காட் சாலையாக இருந்தது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மேயருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதை இங்கே நின்று நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் மரபைத் தழுவி அமைந்த மன்றமாதலால், சட்டப்படி அதிகாரம் முழுவதும் மன்றத்தினுடையது, மேயருடையதன்று. உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை மேயராகத் தேர்ந்தனர். அவர் கூட்டத்திற்குத் தலைமை தாங்குவார்; குழுக்களின் பரிந்துரைகளை மன்றத்தின்முன் வைப்பார்; வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தாலன்றித் தம் விருப்பப்படி ஒரு தெருவிளக்கைக்கூட அவர் நட இயலாது. அன்றாட நிர்வாகம் சம்பளம் பெறும் செயலாளரும் பொறியாளரும் மருத்துவ அதிகாரியும் பார்த்துக்கொள்வது. ஆகவே தனிமனிதரின் கைவலிமையை மட்டும் அளந்தால், மாநகர மேயரைவிட உட்பகுதியில் ஒரு மாவட்டத்தில் இருந்த மாவட்ட அதிகாரி வலியவர் என்றே சொல்லவேண்டும். மாவட்ட அதிகாரி யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் மன்றத்தின் கையிலிருந்த பணிகளோ மிகப் பெரியவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஜோர்ஜ் டவுனின் மின்சாரம் நகராண்மைக்குச் சொந்தம். குடிநீர் அதனுடையது. 1925 முதல் 1961 வரை ஓடிய மின்கம்பிப் பேருந்துகள் அதனுடையவை. சந்தை, இறைச்சிக் கூடம், இடுகாடு, தெருக் கூட்டல், கட்டட அனுமதி, கடை உரிமம் யாவும் அதன் பொறுப்பு. மின்கட்டணமும் மதிப்பீட்டு வரியும் சேர்ந்து அம்மன்றத்தை நாட்டின் மிகச் செல்வம் மிக்க ஊராட்சியாக ஆக்கின. அச்செல்வத்தை எதற்குச் செலவிடுவது என்பதை வாக்காளர் தேர்ந்த பதினைந்து பேர் பேசி முடிவு செய்தனர். அங்கேதான் மேயரின் வலிமை இருந்தது. அது ஆணையிடும் வலிமை அன்று. ஊரின் குரலாக நின்று பேசும் வலிமை.

எனினும் மன்றத்திடம் இல்லாத ஒன்று நிலம். வீடற்றோர்க்கு அடுக்ககம் கட்ட வேண்டுமாயினும், புதிய சந்தைக்கு இடம் வேண்டுமாயினும், அரசு நிலத்திற்கு மாநில அரசையே நாடவேண்டும். மாநகரத்தில் தொழிற்கட்சி, மாநிலத்தில் முதலமைச்சர் வோங் பௌ நீயின் கூட்டணி ஆட்சி. மன்றத்திடம் பணம் இருந்தது, மாநிலத்திடம் நிலம் இருந்தது. இவ்விரண்டும் ஒரே தீவில் ஒன்றையொன்று முறைத்து நின்றன. இராமநாதனும் தம் கட்சியோடு பிணக்குற்றுப் பிரிந்தார். 1961-இல் மேயர் பதவி ஊய் தியாம் சியூவுக்குச் சென்றது.

இதே காலத்தில் சிங்கப்பூரிலும் ஒரு காட்சி அரங்கேறியது. 1957 டிசம்பரில் 32 இடங்களுக்கு நடந்த மாநகர மன்றத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பெற்று, ஓங் எங் குவான் மேயரானார். அம்மன்றத்தின் ஆயுள் இரண்டாண்டுக்குக்கூட நீளவில்லை. 1959-இல் அவருடைய சொந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்து மன்றத்தின் பணிகளை அமைச்சின்கீழ்க் கொண்டுவந்தது. சிறிய தீவுக்கு இரண்டு அரசுகள் எதற்கு என்று அவர்கள் கருதினர். தீபகற்பத்திலோ கேள்வி அத்துணை எளிதன்று.

நகரங்களில் மேயர்களும் தலைவர்களும் மேடையேறிய அதே ஆண்டுகளில், மாவட்ட அதிகாரி ஓசையின்றி இன்னும் உயர்ந்தார். அவசர காலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அக்கிராமங்களில் 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு ஊர் மன்றங்கள் தேர்தல் வழியே எழுந்தன. மேற்பார்வையோ மாவட்ட அதிகாரியினுடையது. விடுதலைக்குப் பின் துன் அப்துல் ரசாக் வகுத்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்திற்கும் சிவப்பு அட்டையிட்ட பெரும் ஏடு ஒன்று கொடுக்கப்பட்டது. சாலை, பாலம், கிணறு, பள்ளிக்கூடம் என அம்மாவட்டத்திற்கு வேண்டியவை எல்லாம் அதில் வரைபடத்தோடு குறிக்கப்பட்டன. குறித்தவர் மாவட்ட வளர்ச்சிக் குழுவின் தலைவர். அவர் மாவட்ட அதிகாரி. துணைப் பிரதமர் நேரில் வந்து, சுவரில் தொங்கிய வரைபடத்தின்முன் நின்று, முடிந்த வேலை எது, முடியாதது ஏன் என்று கேட்பார். வரி வாங்கும் அதிகாரியாகத் தொடங்கியவர் வளர்ச்சியைப் பங்கிடும் அதிகாரியானார். சிவப்பேட்டில் இடம்பெற்ற சிற்றூருக்குச் சாலை வந்தது, இடம்பெறாதது காத்திருந்தது.

இந்த இடத்தில் தோட்டப்புறத் தமிழரை நினையாதிருக்க இயலாது. தோட்டம் தனியார் நிலம். அதனுள் சாலை, குடிநீர், விளக்கு, வீடு அனைத்தும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டது. நகர மன்ற எல்லைக்கு வெளியே இருந்தமையால் தோட்டத் தொழிலாளிக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. தோட்டத்தின் உட்புறம் தனியார் உடைமையாதலால் ஊரக வளர்ச்சித் திட்டத்தின் கிணறும் பாலமும் அவன் லயத்து வாசலுக்கு எளிதில் வரவில்லை. மாவட்ட அதிகாரி, நகரத் தலைவர் என்னும் இருவருக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தில் அவன் வாழ்ந்தான். அவனுக்கு அரசு என்பது தோட்டத் துரையே. 1950-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது அந்தத் துரையும் போனார். அப்பொழுதுதான் பல குடும்பங்கள் முதன்முதலாக மாவட்ட நில அலுவலகத்தின் வாசலைக் கண்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்ததன் அருமை, இந்த வெற்றிடத்தை அறிந்தோர்க்கே முழுமையாக விளங்கும்.

1965 மார்ச் முதல் நாள், இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கை கடுமையாக இருந்த வேளையில், அவசரகால ஒழுங்குமுறையின்கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அறிவித்தார். அமைதி 1966-இல் திரும்பியது. தேர்தல் திரும்பவில்லை. சிரம்பான், ஜோகூர் பாரு, பத்து பகாட் முதலிய ஊர் மன்றங்களில் முறைகேடுகள் எனக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அவற்றின் அதிகாரங்களை மாநில அரசுகள் எடுத்துக்கொண்டன. 1966-இல் ஜோர்ஜ் டவுன் மாநகர மன்றமும் அவ்வாறே முதலமைச்சரின்கீழ்ச் சென்றது.

அச்சமயத்தில் ஊராட்சிகளின் நிலையை ஆராய அரச ஆணையம் ஒன்று 1965-இல் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். சட்டம் பயின்ற தமிழர். அவர் துணைவியார் ஜானகி, நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் பொறுப்பு வகித்தவர். தீபகற்பம் முழுவதும் அன்று 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை புதுக்கிராமங்களின் சின்னஞ்சிறு மன்றங்கள். பல மன்றங்களில் கணக்கு சரியில்லை, பணம் இல்லை, ஆள் இல்லை என்பதை ஆணையம் மறைக்கவில்லை. ஆயினும் நோயாளியைக் கொன்று நோயைத் தீர்க்கலாகாது என்பதே அதன் நிலை. சிறு மன்றங்களை ஒன்றிணைத்துப் பெரிதாக்கலாம். ஆனால் வரி செலுத்துவோர் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலைக்க வேண்டும் என அது பரிந்துரைத்தது. அறிக்கை 1968-இல் நிறைவுற்று, 1971-இல் வெளியாயிற்று. அரசு அதில் ஒரு பாதியை ஏற்றது. மறு பாதியை விட்டது. மன்றங்கள் இணைக்கப்பட்டன, தேர்தல் புதைக்கப்பட்டது.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15-ஆம் பிரிவில் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10-ஆம் பிரிவின்படி மாநகரத் தலைவர் அல்லது மன்றத் தலைவரோடு, எட்டுக்குக் குறையாமலும் இருபத்துநான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும். 9-ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு மன்றத்திற்குப் பொதுவான கட்டளைகளை இடலாம். மன்றம் அவற்றை ஏற்றே ஆகவேண்டும். மன்ற எல்லைகள் விரிந்தன. நெடுங்காலம் வெளியே நின்ற பல தோட்டங்கள் மன்ற எல்லைக்குள் வந்தன. வந்தபோது அங்கே வாக்குப்பெட்டி இல்லை. காலம் இத்துணைத் துல்லியமாகக் குறும்பு செய்வது அரிது.

கோலாலம்பூர் தனிக்கதை. 1961 முதல் அங்கே தேர்தல் இல்லை. கூட்டரசு நியமித்த ஆணையர் ஆண்டார். 1972 பிப்ரவரி முதல் நாள் நகரம் மாநகரமானபோது அப்பதவி டத்தோ பண்டார் எனப் பெயர் மாறியது. 1974-இல் நகரம் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அங்கே டத்தோ பண்டார் சட்டத்தின் கண்ணில் தாமே ஒரு நிறுவனம். மன்ற உறுப்பினர்கள் இல்லை, ஆலோசனைக் குழு மட்டும் உண்டு. ஜோர்ஜ் டவுனின் பழைய மேயரிடம் மக்கள் குரல் இருந்தது, தனி அதிகாரம் இல்லை. கோலாலம்பூரின் டத்தோ பண்டாரிடம் தனி அதிகாரம் உண்டு, வாக்கால் வந்த குரல் இல்லை. பெயரில் இருவரும் மாநகரத் தலைவர்கள்.

ஆகவே இரு பதவிகளையும் வேறுபடுத்தியிருந்த பழைய அடையாளம், அதாவது ஒருவர் நியமனம் பெற்றவர், மற்றவர் தேர்வு பெற்றவர் என்பது, மறைந்துபோயிற்று. இருவரும் அரசு அமர்த்திய அதிகாரிகளே. சில காலம் பல மாவட்டங்களில் மாவட்ட அதிகாரியே மாவட்ட மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். காலையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து எழுதிய கடிதத்திற்கு மாலையில் மறு நாற்காலியில் அமர்ந்து தாமே பதில் எழுதியிருக்கக்கூடும் என்று சொல்லி நகைப்பதுண்டு.

பணியில் உள்ள வேறுபாடோ இன்றும் அப்படியே நிற்கிறது. நிலத்தின் உரிமை, அதன் வகை மாற்றம், நிலவரி, தற்காலிக உரிமம், வெள்ள நிவாரணம், வளர்ச்சித் திட்டங்களின் ஒருங்கிணைப்பு, பெங்குலுக்களின் மேற்பார்வை ஆகியவை மாவட்ட நிர்வாகத்தின் பக்கம். அந்நிலத்தின்மேல் எழும் கட்டடம், திட்ட அனுமதி, கடை உரிமம், குப்பை, கால்வாய், சந்தை, பூங்கா ஆகியவை மன்றத்தின் பக்கம். நிலவரி பாக்கிக்கு நிலமே பறிபோகக்கூடும். மதிப்பீட்டு வரி பாக்கிக்கு முதலில் வீட்டுப் பொருள்கள் கைப்பற்றப்படும். ஒரு கோயிலோ பள்ளியோ இடம் தேடும்போது இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியாக இராது. மன்றம் கட்டட வரைபடத்தை ஏற்றுக்கொண்டாலும் நிலம் அவர்களுடையதாகிவிடாது. நில அலுவலகம் உரிமம் தந்தாலும் மன்றத்தின் அனுமதியின்றி எழுப்பிய சுவர் நிற்காது. ஒரு பக்கத்துத் தாளை மட்டும் பத்திரப்படுத்தி வைத்து, மறுபக்கத்தை மறந்த குழுக்கள், இயந்திரம் வந்து நின்ற நாளில்தான் இரண்டாம் அலுவலகத்தைத் தேடி ஓடின.

பினாங்கு இக்கதையை முடிந்ததாக ஏற்கவில்லை. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ளதாதலால் தேர்தலை மீட்கும் உரிமை தனக்கு உண்டெனக் கருதிய அம்மாநிலம், 2012-இல் அதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது; 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே நின்றது. அடுத்த ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பினாங்குத் தீவு முழுவதற்குமான மாநகர மன்றம் பதவியேற்றபோது, பத்தஹியா இஸ்மாயில் என்னும் பெண்மணி அதன் முதல் மேயரானார். மன்றத்தின் அலுவல்களிலேயே நெடுங்காலம் உழைத்து உயர்ந்த அதிகாரி அவர்; அப்பதவிக்கு அவரை அமர்த்தியது மாநில அரசு. இராமநாதன் அமர்ந்திருந்த நகரில் மேயர் என்னும் சொல் மீண்டும் வழக்குக்கு வந்தது.